மூன்றாவது புடைப்பில் ஒரு குறி

சோலைமுத்துவுக்கு யாரையும் முழுசாக நம்பிப் பழக்கமில்லை. கோயிலுக்குப் போனால் இடது செருப்பை ஒரு மூலையிலும் வலது செருப்பை இன்னொரு மூலையிலும் கழற்றிவிடுகிற ஆள். புகையிலை மண்டி நடத்தினார். வெளியூர் போகும் சிப்பத்தை வண்டிக்காரன் வழியில் மாற்றிவிடக் கூடாதே என்று, ஒவ்வொன்றின் நடு இலையிலும் ஈர்க்குச்சியால் ஒரு பெருக்கல் குறி கீறி வைப்பார். குறி எந்த இலையில் இருக்கிறது என்பது மண்டிக் கணக்குப்பிள்ளைக்குக்கூடத் தெரியாது.

அப்படிப்பட்டவர் தம் பந்தயக் காரை நாகல் நகர் மெக்கானிக் சூசைராஜிடம் விட்டிருந்தார். போன வருஷம் சோழவரம் பந்தயத்தில் அந்தக் கார் பாதி ஓட்டத்தில் படுத்துவிட்டது. புகையிலை லாரிக்குப் பின்னால் கயிறு கட்டித் திண்டுக்கல்லுக்கு இழுத்து வந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. இந்த மாசியில் அதே பந்தயத்தை ஓடி முடித்தால்தான் மண்டித் தெருவில் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியும். அதற்காக எஞ்சினை அடியோடு பிரித்தாயிற்று. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், வேகத்துக்கென்றே செய்தது, சீமையிலிருந்து கப்பலில் வந்திருந்தது. நீளமான தண்டு, அதில் வரிசையாக எட்டுப் புடைப்புகள். இன்னொன்று வேண்டுமென்றால் மாசிக்குள் வந்து சேராது.

ஒருநாள் மத்தியானம் அவர் சூசைராஜின் ஷெட்டுக்குள் நுழைந்தபோது உள்ளே ஒச்சப்பன் நின்றுகொண்டிருந்தான். அதே பந்தயத்தில் ஓடும் மதுரைக்காரர் ஒருவரின் டிரைவர் அவன். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று அவன் கையிலிருந்து சூசைராஜ் கைக்கு மாறியது. இவரைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒச்சப்பன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவினான்.

"அவன் எதுக்கு வந்தான் சூசை?"

"சும்மா வந்தாப்ல மொதலாளி. பழைய சிநேகிதம்."

சும்மா வருவதற்கு மதுரையிலிருந்து எவன் பஸ் ஏறுவான்? மதுரைக்காரரிடம் இருப்பதும் இதே மாதிரிக் கார். புது ஷாஃப்ட் மதுரைக்குப் போகப்போகிறது, அங்கே தேய்ந்த ஷாஃப்ட் தம் எஞ்சினுக்குள் வரப்போகிறது என்று சோலைமுத்துவின் மனம் சட்டென்று கணக்குப் போட்டுவிட்டது.

சூசைராஜ் புது ஷாஃப்ட் முழுக்கக் கறுப்பு கிரீஸைப் பூசி, துணிமேல் கிடத்திவிட்டு, "சாப்ட்டுட்டு வந்து மாட்டிர்றேன். செத்த நேரம் இருங்க" என்று கிளம்பினான்.

சோலைமுத்து இருந்தார். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு முக்கோண அரத்தைக் கையில் எடுத்தார். தண்டின் நுனியில் குறி போட்டால் எவன் கண்ணிலும் படும், அதே மாதிரி இன்னொன்றில் போட்டுவிடுவான். ஆகவே முன்னாலிருந்து மூன்றாவது புடைப்பில் கிரீஸை வழித்தார். அரம் வழுக்கியது. அவ்வளவு கெட்டியான இரும்பு. விடுவாரா? உடைந்த சாணைக்கல் துண்டு ஒன்றின் முனையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். பெருக்கல் குறி விழுந்தது. அவசரத்தில் அதன் ஒரு கால் ஓரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் இறங்கிவிட்டது. கிரீஸைத் திரும்ப மெழுகியபோது பிள்ளைக்கு மை வைத்த நிம்மதி அவருக்கு.

இரண்டு நாள் கழித்து எஞ்சினை ஓட்டிப் பார்க்க எல்லாம் தயாரானது.

"எஞ்சின் பிடிச்ச நிமிஷத்துலருந்து இருபது நிமிஷம் வேகத்தை எறக்கவே கூடாது" என்றான் சூசைராஜ். "புது ஷாஃப்டும் அதுமேல ஒக்காந்திருக்கிற டாப்பெட்டும் ஒன்னுக்கொன்னு பழகுற நேரம் இது. மெதுவா விட்டா எண்ணெ தெறிக்காது. ரெண்டும் தின்னுக்கிரும்."

மெதுவாக ஓடினால்தானே எஞ்சினின் உண்மையான சத்தம் கேட்கும்? எதை மறைக்க இந்தக் கூச்சல் என்று எண்ணியபடி சோலைமுத்து காதைப் பொத்திக்கொண்டு நின்றார். எஞ்சின் அலறியது. எதிர்வீட்டுக் கோழிகள் கூரைமேல் ஏறின. சூசைராஜ் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தான். பாதி நேரம்கூட ஆகியிருக்காது, டக் டக்கென்று ஒரு சத்தம் உள்ளேயிருந்து வந்தது. சூசைராஜ் சட்டென்று எஞ்சினை அணைத்தான்.

"கழட்டு" என்றார் சோலைமுத்து. திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம்கூட அவர் குரலில் இருந்தது.

மறுநாள் ஷாஃப்ட் வெளியே வந்தது. எண்ணெயைத் துடைத்ததும் அவர் மூன்றாவது புடைப்பைத்தான் பார்த்தார். குறி இல்லை.

"இது என் ஷாஃப்டு இல்ல. மதுரைக்கு எம்புட்டுக்குலே வித்த?"

சூசைராஜ் நிமிர்ந்தான். "என்ன சொல்றீங்க?"

"நான் குறி போட்டு வச்சிருந்தேன். நீ சாப்பிடப் போனப்ப, சாணைக்கல்ல தேச்சு. இப்ப அதக் காணோம்."

"எங்க போட்டீங்க?"

"முன்னாலருந்து மூணாவதுல."

சூசைராஜ் ஷாஃப்டை வெளிச்சத்தில் வைத்து மெல்லத் திருப்பினான். ஏழு புடைப்புகள் பாலிஷ் போட்டதுபோல் பளபளத்தன. மூன்றாவது மட்டும் அரிக்கப்பட்டு, மூக்கு மழுங்கிக் கிடந்தது. அதன் பக்கவாட்டில், டாப்பெட் தொடாத இடத்தில், ஒரு கீறல் மிச்சம் இருந்தது. ஓரம் தாண்டி இறங்கிய கால். ஆயிரம் சிப்பத்துக்கு நடுவிலும் சோலைமுத்து தம் கைக்குறியை அடையாளம் சொல்லிவிடுவார். ஷாஃப்ட் அவருடையதுதான். அவர் போட்ட குறிதான் டாப்பெட்டோடு உரசி உரசிப் புடைப்பையும் தின்று, தானும் அழிந்திருந்தது.

சூசைராஜ் பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தான். பாதி காலியான கறுப்பு கிரீஸ். "இதுதான் ஒச்சப்பன் கொண்டாந்தது. நம்ம ஊர்ல கெடைக்காது. அவுக மொதலாளிக்குத் தெரியாம எடுத்தாந்தான், அதான் வாயத் தொறக்கல. எட்டு வருஷமா ஒங்க வண்டியில கை வைக்கிறேன். எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல?"

சோலைமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பந்தயம் போயிற்று. கெடுத்தவர் அவரே. லாரிக்குப் பின்னால் கயிற்றில் வந்த அவமானம்கூட இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"யாருகிட்டயும் சொல்லிராத சூசை."

"சொல்ல மாட்டேன் போங்க."

அவர் தெருமுனை வரைக்கும் நடந்தார். மாட்டேன் என்று ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னான்? ஒச்சப்பன் நாளைக்கே வந்து நின்றால்? திரும்பி வந்தார். சூசைராஜ் ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஸ்பானரைக் கையில் எடுத்தான். அன்று ஷெட்டைப் பூட்டும் வரைக்கும், யார் யார் வந்து அவனிடம் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்தபடி, சோலைமுத்து அங்கிருந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவேயில்லை.