ஆளில்லாமல் பரிசு வாங்கிய கார்

தன்னுடைய கார், ஓட்ட ஆளே இல்லாமல் குன்றிலிருந்து முக்கால் மைல் இறங்கி வந்து, கோடைத் திருவிழா நடந்த புல்வெளிக்குள் நுழைந்து, மற்ற கார்களோடு வரிசையில் நின்று முதல் பரிசையும் வாங்கிக்கொண்டது என்று மெர்வின் பிக்கெட் சனிக்கிழமை மாலை பப்பில் சொன்னார். அந்த நேரம் முழுக்கத் தான் குன்றின் உச்சியில் பேக்கன் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாராம். கேட்டவர்கள் பதின்மூன்று பேர். பன்னிரண்டு பேர் அப்படியே நம்பினார்கள்; பீர் அவர் செலவு. பதின்மூன்றாவது ஆள் அவருடைய மனைவி க்ளெனிஸ்.

"ஏன் மெர்வ், ஆளில்லாத கார் எங்கயாவது தானா ஓடுமா?" என்று கேட்டார் க்ளெனிஸ்.

அவ்வளவுதான். லிட்டில் ப்ராக்டன் ஊர்ச் சபைக்கு முப்பத்தோரு வருஷமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் க்ளெனிஸ். அவர் எழுதாத எதுவும் அந்த ஊரில் நடந்ததில்லை. ஒரு வருஷம் வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போனபோது, க்ளெனிஸ் குறிப்பேட்டைத் திறந்து எழுதி முடிக்கும்வரை ஜனங்கள் ஆற்றங்கரையில் நின்று, பாலம் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரியாமல் தவித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து அவர் ஒரு பொய் சொன்னதில்லை. ஆகவே அவர் அப்படிக் கேட்டதும் பன்னிரண்டு பேரும் பீரை மட்டும் குடித்துவிட்டு, நம்பிக்கையை மேஜைமேல் விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேர் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன. மெர்வினுக்கு வேண்டியது க்ளெனிஸின் வாயிலிருந்து ஓர் 'ஆமாம்'. காரணம் இருந்தது.

ஒன்பது வருஷமாகக் கார் ஷெட்டில் அந்தக் கார் இருக்கிறது. அதனால் ஷெட்டில் இருக்கவேண்டிய ஃப்ரீசர் படுக்கையறையில் இருக்கிறது. ஒரு பக்கம் புருஷனின் குறட்டை, மறுபக்கம் ஃப்ரீசரின் முனகல், நடுவில் க்ளெனிஸ். இரண்டில் ஃப்ரீசர் கொஞ்சம் தேவலை, அது இடையிடையே நிறுத்தும் என்பார். மெர்வினுக்கு எழுபது முடிந்த அன்று, கேக் வெட்டிய கத்தியைக் கழுவுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது: கோடைத் திருவிழா முடிவதற்குள் அந்தக் கார் எதிலாவது ஒரு பரிசை, நேர்மையாக, வாங்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த புதன்கிழமை லட்லோவிலிருந்து ரஸல் என்பவர் வந்து அதை வாங்கிக்கொண்டு போவார். ஃப்ரீசர் ஷெட்டுக்குப் போகும்.

அந்தக் காரை மெர்வின் கடையில் வாங்கவில்லை. பதினேழு பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து இறங்கியது. நாலு குளிர்காலம் ஷெட்டில் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகப் பூட்டினார். முடித்தபோது பதினோரு போல்ட்கள் மிஞ்சின. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். மெர்வின், எடை மிச்சம் என்றார். கதவு கிடையாது, கூரை கிடையாது. மழை வந்தால் தொப்பி. உட்கார்ந்தால் பின்புறத்துக்கும் சாலைக்கும் இடையே நாலு விரல் இடைவெளி. கீழே காசு கிடந்தால் எந்த வருஷத்துக் காசு என்று படித்துக்கொண்டே போகலாம். முப்பது மைல் வேகம் முன்னூறு போலிருக்கும். எதிரே வரும் நாய்களைக் கண்ணுக்குக் கண் பார்த்து வணக்கம் சொல்லலாம். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால் மெர்வினின் பற்களுக்கிடையே நாலைந்து பூச்சிகளும், முகத்தில் பன்னிரண்டு வயசுப் பையனின் சிரிப்பும் இருக்கும். அந்தச் சிரிப்பு இறங்க இரண்டு நாளாகும்.

இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. வண்டி இன்னும் லேசாக வேண்டும். மெர்வின் சாவியின் தலையைப் பாதி அறுத்தெறிந்தார். வழித்துணைக்கு வைத்திருந்த வரைபடத்தில் கடல் இருந்த பகுதியைக் கத்தரித்தார். அவர் நண்பர் பேஸில், ஓய்வுபெற்ற பல் டாக்டர், அவரிடமும் இதே மாதிரி ஒரு கார். அவர் ஒரு பந்தயத்துக்காகத் தாடியையே எடுத்தார். துளை போடுவதில் பேஸில் கைகாரர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து காரில் துளை போடாத இடம் கிடையாது. காற்றடித்தால் வண்டி மொத்தமும் புல்லாங்குழல் மாதிரி வாசிக்கும்.

"வண்டியில ஓட்டை போடறதுக்குப் பதிலா அந்தப் புட்டிங் தின்னறதை விட்டுத் தொலையேன். ஒரு வாரத்துல ஒரு மூட்டை குறையும்," என்பார் க்ளெனிஸ். மெர்வினுக்கு அந்த யோசனை பிடிபடவேயில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் ஹேண்ட் பிரேக் பிடியில் இருபதாவது துளையைப் போட்டார். அதோடு அந்தப் பிடியில் இரும்பைவிட ஓட்டை அதிகமாகிவிட்டது.

சனிக்கிழமை காலை குன்றின் உச்சியில் டீக்கடை வாசலில் லேசுக் கார்க்காரர்கள் கூடுவது வழக்கம். குன்றில் ஏறினால் மெர்வினின் எஞ்சின் கொதித்துவிடும். அதனால் காரை ட்ரெய்லரில் ஏற்றி, க்ளெனிஸின் காரில் பூட்டி இழுத்துக்கொண்டு போவார். போகிற தூரம் மூன்று மைல். கட்டுகிற நேரம் ஒரு மணி நாற்பது நிமிஷம். நாலு சக்கரத்துக்கும் நாலு பட்டை, ஒவ்வொன்றையும் மூன்று முறை இழுத்து, விரலால் சுண்டி, சத்தம் கேட்டு, திருப்தியில்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டுவார். குழந்தையைக் காற்றாட வண்டியில் வைத்துத் தள்ளுகிற மாதிரிதான் என்பார் க்ளெனிஸ். அன்று அவருக்குத் தன் கார் தேவைப்பட்டது. திருவிழா டீக்கடை அவர் பொறுப்பு, பெரிய வெந்நீர்ப் பாத்திரத்தைக் கொண்டுபோகவேண்டும். மெர்வின் பட்டை கட்டி முடிப்பதற்குள் அவர் பாத்திரத்தைத் தோட்டத்துத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். கோபம் அப்போதே கொதி நிலைக்கு வந்திருந்தது.

உச்சியில் பட்டைகளை அவிழ்த்து, காரைக் கையால் தள்ளி இறக்கி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தி, மெர்வின் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கியரில் போட்டிருக்கவேண்டும். ஆனால் சாண்ட்விச் ஆறுகிறது என்று பேஸில் கூப்பிட்டுவிட்டார். முதல் கடி கடித்தபோது பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம், யாரோ வாதுமைக் கொட்டையை உடைத்ததுபோல. இருவரும் திரும்பினார்கள். கார் மெல்ல, சாப்பிடுகிறவர்களைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்பதுபோல, புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"டேய் மெர்வ், உன் காரை யாருடா ஓட்டறது?"

"அதைத்தான்டா நானும் பாக்கறேன்," என்றார் மெர்வின், வாய் நிறைய ரொட்டியோடு.

ஓடினார். எழுபது வயசு, இருபது துளைப் பிரேக், கையில் சாண்ட்விச். சாண்ட்விச்சைக் கீழே போட்டிருந்தால் பிடித்திருக்கலாம் என்பது பேஸிலின் கட்சி. மெர்வின் போடவில்லை.

அந்தக் குன்றிலிருந்து ஊருக்கு இறங்குவது ஆயிரம் வருஷம் வண்டியும் மாடும் போய்த் தேய்ந்து பள்ளமாகிப்போன ஒரு பாதை. இரண்டு பக்கமும் ஆளுயர மண்கரை, அதன்மேல் வேலிச் செடி. ஒரு வண்டிக்கு மட்டும்தான் இடம். உள்ளே விழுந்த கோலிக்குண்டு வாய்க்காலில் உருளுவது மாதிரி, கார் உள்ளே விழுந்தபின் ஊருக்குள் வருவதைத் தவிர வேறு வழியில்லை. சக்கரம் இடது கரையை முட்டும், விலகும். வலது கரையை முட்டும், விலகும். மெர்வின் சொல்லும்போது நடுவில் ஓர் ஆட்டு மந்தை வரிசையாக ஒதுங்கி வழிவிட்டது, கடைசி ஆடு தலையை ஆட்டியது. அதை விட்டுவிடுவோம்.

பாதை முடியும் இடத்தில் புல்வெளியின் வாசல். வாசலை ஒட்டி டீ மேஜை. அந்த நேரம் ஊர் மொத்தமும் மறுகோடிக் கூடாரத்தில் பூசணிக்காய் எடை பார்த்துக்கொண்டிருந்தது. அரைப் பவுண்டு வித்தியாசத்தில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டிருந்த கட்டம். டீ மேஜையில் க்ளெனிஸ் மட்டும். கார் அவருக்கு ஒரு கை தூரத்தில் கடந்து, உள்ளே திரும்பி, வெட்டாத புல்லில் வேகம் குறைந்து, பழைய கார்களின் வரிசையில் ஒரு பச்சை மோரிஸ் காருக்கும் ஒரு ட்ராக்டருக்கும் நடுவில், யாரோ வராததால் காலியாகக் கிடந்த இடத்தில் போய் நின்றது.

பழைய வண்டிகளுக்கு நடுவர் மிஸ் தோர்ன்பரி, குதிரை டாக்டராக இருந்தவர். காலையிலிருந்து பதினாறு வண்டிக்காரர்கள் ஆளுக்குப் பத்து நிமிஷம் அவரை நிற்கவைத்து, பிஸ்டனும் கார்புரேட்டரும் தாங்கள் ஸ்காட்லாந்து வரை போன கதையும் சொல்லியிருந்தார்கள். அவர் காதில் பஞ்சு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இந்தச் சின்னக் கார் கண்ணில் பட்டது. பக்கத்தில் யாருமில்லை. சுற்றிவந்து பார்த்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. உலகம் அமைதியாக இருந்தது. முதல் பரிசு அட்டையை இருக்கையில் வைத்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் 'உரிமையாளர் தொந்தரவு இல்லை' என்று மட்டும் எழுதினார்.

மெர்வினும் பேஸிலும் க்ளெனிஸின் காரையும் காலி ட்ரெய்லரையும் திருப்பி இறங்கி வரக் கால் மணி நேரமாயிற்று. வழியெல்லாம் மெர்வின் வேலியை எட்டிப் பார்த்துக்கொண்டே, தன் வாழ்க்கையின் ஒன்பது வருஷம் எந்த மரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ என்று கலங்கினார். பரிசு அட்டையைப் பார்த்தபோது அழுதுவிட்டார். பிறகு டீ மேஜைக்கு ஓடினார்.

மேஜையில் ஒரு கப் நிறைந்து, சாஸர் நிறைந்து, விரிப்பு நனைந்து, டீ புல்லில் சொட்டிக்கொண்டிருந்தது. பாத்தியா, பாத்தியா என்று கேட்டார். க்ளெனிஸ் துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே, டீ ஊற்றும்போது மனுஷி கப்பைப் பார்ப்பாளா ரோட்டைப் பார்ப்பாளா என்று கேட்டார்.

அதற்கப்புறம் நாலு நாளும் க்ளெனிஸிடமிருந்து கேள்விகள்தான். பேஸில் ஓட்டி வந்து நிறுத்திவிட்டு வேலிக்குள் ஒளிந்திருக்க மாட்டாரா? தந்திரத்தில் வாங்கின பரிசு பரிசாகுமா? ஊரே க்ளெனிஸ் பக்கம் சாய்ந்தது. பேஸில் சத்தியம் செய்து பார்த்தார். பல் பிடுங்கும்போது வலிக்காது என்று முப்பது வருஷம் சொன்னவரின் சத்தியத்தை யார் வாங்குவார்கள்?

புதன்கிழமை பதினோரு மணிக்கு ரஸல் வந்தார். டார்ச் லைட், முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்ள ஒரு பாய், எழுதிவந்த கேள்விகள் எல்லாம் வைத்திருந்த நிதானமான மனிதர். அவர் காரின் அடியில் புகுந்து பார்த்தபோது மெர்வின் ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்பவர்போல நடந்தார். க்ளெனிஸ் இன்ச் டேப்பால் ஷெட்டின் மூலையை அளந்துகொண்டிருந்தார்.

கடைசியில் ரஸல், மறைக்காமல் சொல்லவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மெர்வின் இருக்கிறது என்றார். எல்லாவற்றையும் சொன்னார், ஆடுகள் உட்பட. ரஸல் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த வட்டாரத்து ஆட்கள் கதை விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவ்வளவு நன்றாக விடுவார்கள் என்று தெரியாது என்றார். சிரித்து முடித்துவிட்டு, க்ளெனிஸ் பக்கம் திரும்பினார்.

"எதுக்குக் கேக்கறேன்னா, எங்க வீடு செங்குத்தான தெருவுல மேல் கோடியில இருக்கு. கீழ் கோடியில பள்ளிக்கூடம். நீங்க சொல்லுங்க மேடம், சும்மா கதைதானே?"

"இதெல்லாம் நடக்கற காரியமா?" என்றார் க்ளெனிஸ்.

"அதான் நானும் கேக்கறேன். நடந்துச்சா, நடக்கலையா?"

மெர்வின் மனைவியைப் பார்த்தார். நாற்பத்திநாலு வருஷத்தில் அவர் கைவசம் கேள்வி இல்லாமல் நின்றதை மெர்வின் பார்த்ததில்லை. க்ளெனிஸ் இன்ச் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். இன்ச் டேப் தானே உள்ளே ஓடக்கூடிய ரகம்தான். இருந்தாலும் கையால், அங்குலம் அங்குலமாகச் சுருட்டினார். ஒரு 'இல்லை' சொன்னால் போதும், இன்றைக்கே ஃப்ரீசர் இறங்கிவிடும்.

"முதல்ல அந்தப் பிரேக்கைப் பாருங்க," என்றார் கடைசியில். "புதுசு மாட்டியிருக்கார். நேத்து மத்தியானம் அதுலயும் மூணு ஓட்டை போட்டாச்சு."

ரஸல் குனிந்து பார்த்தார். மூன்று இருந்தன. அவர் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அப்ப அந்தக் கதை?"

"கதையில்ல. நடந்துச்சு. என் கண் முன்னாடி வந்துச்சு, உள்ள ஒருத்தரும் இல்ல. ஆடெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா வாசல்கிட்ட வந்ததும் இடது பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டுட்டுத்தான் உள்ள திரும்புச்சு."

மெர்வின் குனிந்து இடது இண்டிகேட்டரைப் பார்த்தார். நாலு நாளாகத் தன்னால் முடிந்த அளவு கூட்டிச் சொல்லிவந்தவர்; அந்த அளவுக்குப் போக அவருக்கே துணிச்சல் வரவில்லை.

"இண்டிகேட்டரா?" என்றார்.

"ஆமா, போட்டுச்சு," என்றார் க்ளெனிஸ். "நான் பாத்தேன்."