அம்மாவின் இரண்டு கைகள்

இடது தோளுக்குக் கீழே வலது உள்ளங்கை, பெருவிரல் மட்டும் மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டிருக்கிறது, நான் சொல்லாமலே தடவுகிறது, ஸ்கேன் எடுக்கும் பெண் வந்து அந்தக் கையை மெல்லத் தூக்கி எடுக்கிறாள், அக்கா, கையைக் கட்டக்கூடாது, ரெண்டும் முட்டாம விலத்தி வையுங்கோ, ஆடினா திரும்பவும் முதல்ல இருந்து எடுக்கவேணும், ஏலாதெண்டா மட்டும் இந்த ரப்பர் பந்தை அமத்துங்கோ, சரியோ, சரி தங்கச்சி என்கிறேன், என் தலைக்குள் ஏதோ இருக்கிறதாம், என்னவென்று பார்க்கத்தான் இந்தக் குழாய், பலகை என்னை உள்ளே இழுத்துக்கொள்கிறது, மூக்குக்கு நேரே கூரை, நாற்பதைக் கடந்தவள் இதற்கெல்லாம் பயப்படுவாளா என்றால், பயப்படுவாள், நான் பயப்படுகிறேன்.

இயந்திரம் அடிக்கத் தொடங்குகிறது, முதலில் விட்டுவிட்டு, பிறகு நிறுத்தாமல், இது வெறும் மெஷின் சத்தம் என்று எனக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை, அது சின்ன வயதில் ஒளிந்த பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டது, மேலே பனங்குற்றி, அதன் மேல் மண்மூட்டை, ஒவ்வொரு ஷெல் விழுந்து வெடிக்கும்போதும் இடுக்கால் மண் கொட்டுகிறது, பல்லிடையில் நறநறக்கிறது, அரிசி வாங்கப் போன அப்பா இன்னும் வரவில்லை, அம்மாவின் ஒரு கையில் கைக்குழந்தை மதுரா, மற்றக் கைக்குள் தம்பி சேந்தன், நான் எதிரே மண்சுவரோடு ஒட்டிக்கொண்டு, அம்மா என்னையும் பிடியுங்கோ, பயமாக்கிடக்கு, அம்மாவுக்கு ரெண்டு கைதானே பிள்ளை இருக்கு, நீ பெரிய பிள்ளையெல்லோ, உன்ர கையால உன்னைப் பிடி, அம்மா பிடிக்கிறனெண்டு நினைச்சுக்கொள், நான் பிடிக்கிறேன், இது என் கை இல்லை, அம்மாவின் கை, தடவத் தடவச் சத்தம் குறையவில்லை, பயமும் குறையவில்லை, ஆனால் தோள் சூடாகிறது, அந்தச் சூட்டுக்குள் என்னால் மூச்சுவிட முடிகிறது.

அதன் பிறகு அந்தக் கை தானாகவே போகும், முகாமில் தண்ணீர் வரிசையில், அப்பா இனி வரமாட்டார் என்று ஒத்துக்கொண்ட நாளில், பிரசவ அறையில், கலியாணமான புதிதில் கணவர் கேலி செய்வார், உமக்கென்ன கையில சிரங்கோ, எப்ப பாத்தாலும் தடவுறீர், சிரித்து மழுப்புவேன், இப்போது அந்தக் கை பக்கத்தில் சும்மா கிடக்கிறது, தொடக்கூடாது, விரல் துடிக்கிறது, பந்து வியர்வையில் வழுக்குகிறது, அழுத்தினால் வெளியே போய்விடலாம், போனால் திரும்ப இதற்குள் வர எனக்குத் துணிவு வராது, தலைக்குள் இருப்பது என்னவென்று தெரியாமலே வளரும், அழுத்தாதே, அழுத்தாதே, கண்ணை மூடுகிறேன், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் அம்மாவைப் பார்க்கிறேன், அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் அந்தக் கைகளை மட்டும்தான், எனக்குக் கிடைக்காத கைகளை, இப்போதுதான் குழிக்குள் அவள் முகம் தெரிகிறது, இப்போதைய என்னைவிட எவ்வளவு சின்னவள், கீழுதடு நடுங்குகிறது, கண் அப்பா வரவேண்டிய குழிவாசலிலேயே நிற்கிறது, இரண்டு கையும் பிள்ளைகளில், தன்னைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒரு கைகூட மிச்சமில்லை, அம்மா என்று கூப்பிடுகிறேன், சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

முடிஞ்சுது அக்கா, ஆடாமக் கிடந்திட்டீங்கள், எழும்புங்கோ, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறேன், வாங்குப் பலகையில் அம்மா தனியாக, கழற்றிக் கொடுத்த என் தாலிக்கொடியும் தோடும் முடிந்த கைலேஞ்சி மடியில், அவளுடைய வலது உள்ளங்கை இடது தோளுக்குக் கீழே, சுருங்கிய பெருவிரல் மேலும் கீழுமாக, என்னவாம் பிள்ளை, நாளைக்குத்தான் சொல்லுவினமாம் அம்மா, பயந்தனியோ, ஓம் அம்மா, நல்லாப் பயந்திட்டன், நீங்களும் பயந்தனீங்களோ, அம்மாவின் பெருவிரல் இன்னும் தடவுகிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை மெல்லத் தூக்கி மடியில் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் என் கையை வைக்கிறேன்.