போர்வைக்குள் ஐம்பது தரம்

விண்வெளியிலிருந்து திரும்பி வருகிறவர்களால் ஏன் உடனே எழுந்து நிற்க முடிவதில்லை? பத்தாம் வகுப்பு விஞ்ஞான ரீச்சர் செலீனைப் பார்த்துத்தான் கேட்டார், அவளுக்குப் பதில் தெரியும், பாரமே இல்லாத இடத்தில் கால்களுக்கு வேலையில்லை, வேலையில்லாவிட்டால் தசை கரையும், எலும்பு மெலியும், அதனால்தான் அங்கே தங்களை வாரால் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்... எல்லாம் நெஞ்சுக்குள் வரிசையாக நின்றது, வாய்தான் திறக்கவில்லை, ரீச்சர் கொஞ்சம் பொறுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த மாசியிலேதான் அம்மா பஸ் தரிப்பில் பனியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள், பார்க்க வேறு ஆளில்லை, அம்மா நடந்ததும் வருவேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வீட்டில் நின்றவள் செலீன்... இப்போது ஆவணி முடிகிறது, அம்மா வாசலில் நின்று வேலைச் சப்பாத்தைப் போடுகிறாள்.

ஆஸ்பத்திரியில் தந்த தாளில் பயிற்சிப் படம் போட்டிருந்தது, படுத்தபடியே பாதத்தை உந்த, தொடையை இறுக்க. ஆனால் பக்கத்து வீட்டு எமில்டா அன்ரி பின்னேரமானால் ஆட்டுக்கால் சூப்போடு வந்து காவலிருப்பாள். "அசையாமக் கிடவடி றோசலின், எலும்பு ஒட்டவேணும்." கட்டில் கிறீச்சிட்டாலே பேச்சு விழும். அன்ரிக்குத் தெரியாமல் பயிற்சி செய்யச் செபமாலையை நினைத்தது அம்மாதானே... ஒரு மணி உருட்டினால் பாதத்தை ஒருதரம் உந்துவது, ஐம்பது மணிக்கு ஐம்பது தரம், பாதத்தில் சுற்றிய பழைய காலுறையின் நுனிகளைப் போர்வைக்குள் செலீன் எதிராக இழுத்துப் பிடித்திருப்பாள், எமில்டா அன்ரி கண்ணை மூடி முழங்காலில் நின்று மறுமொழி சொல்லுவாள், போர்வை மட்டும் குட்டி போட்ட பூனை மாதிரி நெளியும். "ஒரு நாளைக்கு எத்தினை செபமாலை? பிள்ளை, நீ சிஸ்டராப் போகப்போறியோ?" அன்ரி போனதும் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்காது. "விண்வெளிக்குப் போறவையும் இப்பிடிக் களவாத்தான் செய்யினமோ?" அன்றைக்கு ரீச்சருக்குச் சொல்லாத பதிலை முழுவதும் செலீன் அம்மாவுக்குச் சொல்லியிருந்தாள், அம்மா இன்னும் இன்னும் கேட்டாள், யன்னலில் பனி உருகி ஓடியது, சூப்பும் தைலமும் சேர்ந்த அந்த வாசனை... எலும்பு உடைந்து ஒருவர் கிடக்கையில் சந்தோஷமாக இருந்தது பாவமா?

அம்மா சுவரைப் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்று மற்றச் சப்பாத்தை மாட்டுகிறாள், பாதம் ஆடவில்லை, அது செலீன் காலுறை பிடித்து வளர்த்த கால். வைகாசியில் அம்மா எழுந்து நடந்தாள், பள்ளிக்கூட வருஷம் முடியப்போகுதே என்றாள் செலீன், பிறகு விடுமுறை, பிறகு அம்மா இன்னும் களைக்கிறாளே என்று... அடுத்த கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, நேற்றுப் பால் வாங்கப் போன இடத்தில் காசாளர் பை வேண்டுமா என்று கேட்டதற்கே நாக்கு எழும்பவில்லையே, வெளியாட்களோடு கதைத்து எத்தனை மாதம்? அந்தக் கட்டிலில் கிடந்தது அம்மா மட்டும்தானா?

வாசலைத் தாண்டப்போன அம்மா திரும்பி வந்தாள், கைப்பையைத் திறந்து செபமாலையை மேசையில் வைத்தாள், அதற்குக் கீழே ஏதோ தாளைச் செருகினாள், மாணவர் பஸ் ரிக்கெட்டுகள், இன்னும் கிழிக்காதவை. செலீன் நிமிர்ந்தபோது அம்மாவின் முதுகுதான் தெரிந்தது, கதவு மூடியது, நடைபாதையில் இரண்டு சப்பாத்துகளும் ஒரே சீராகச் சத்தமிட்டபடி லிஃப்ற் பக்கம் போயின.