முதல் நாளை யாரும் கேட்கவில்லை

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. பலெர்மோவிலிருந்து வரும் ஒரு மாத இதழில், மாணவர் பக்கத்துக்கு இரண்டு சொற்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற லத்தீன் வாத்தியாருக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். சொற்களை நான்தான் தேர்ந்தெடுத்தேன்: ஃபாமா, ஃபாமே. எங்கள் இத்தாலிய மொழியில் முதலாவதற்கு ஊர்ப்பேச்சு, பேர், புகழ் என்று பொருள். இரண்டாவது பசி. காதுக்கு அக்கா தங்கை மாதிரி இருந்தாலும் பிறப்பில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்படித் தொடங்கினேன்:

ஃபாமா, 'பேசு' என்னும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ஃபாமேக்கு மூலமான ஃபாமெஸ் எங்கிருந்து வந்ததென்று அறிஞர்களுக்கு இன்றுவரை உறுதியாக —

இந்த வாக்கியம் இன்னும் இப்படியேதான் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து பிலிப்பா படியேறி வந்தாள்.

2

பிலிப்பா எதிர்வீட்டுக்காரி, என்னைவிட மூத்தவள். மூச்சு வாங்க உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்தாள்.

"என்ன வாத்தியாரே, யாரை வஞ்சு எழுதுற?"

"யாரையும் இல்லக்கா. ஊர்ப்பேச்சு, பசின்னு ரெண்டு சொல்லு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு எழுதுறேன்."

"இல்லைன்னு எவன் சொன்னான்?"

"லத்தீன் சொல்லுது."

"உன் லத்தீன் நம்ம தெருவுல குடியிருந்துச்சா?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் இந்தக் கதை. (அது நடந்தபோது நான் பலெர்மோவில் படித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது தவிர எனக்கு வேறு சாட்சி கிடையாது.)

சிசிலியில் எங்கள் மலையூரில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. தெருக்காரர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோவார்கள். கோழிச் சாறு, அவித்த முட்டை, ரொட்டி, காப்பி. முதல் நாள் ஒரு வீடு, மறுநாள் இன்னொரு வீடு. முதல் நாள் சட்டி போகும் முன்னால் இரண்டாம் நாள்காரி போய் நின்றால், அது முதல் நாள்காரியின் மூஞ்சியில் அடித்த மாதிரி.

பிலிப்பாவின் பக்கத்து வீட்டில் ரோசாரியா. புருஷன் கலோஜெரோவை விட்டுவிட்டு, மகளோடு ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவள். அவன் படுக்கையில் விழுந்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். புருஷனுக்காக வரவில்லை, வீட்டுக்காக வந்தாள் என்றது தெரு. அவன் செத்துப்போனதும், அந்த வாசலில் முதல் ஆளாய்ப் போய் நிற்க எவளுக்கும் மனம் வரவில்லை.

"நான் ரெண்டாம் நாள் கொண்டுபோறேன்னு சொல்லிட்டேன்," என்றாள் பிலிப்பா. "பாத்தா எல்லாருமே ரெண்டாம் நாள், மூணாம் நாள்னுதான் சொல்லியிருக்காளுக. முதல் நாளை யாரும் கேட்கல. சாறு வச்சு மூடிட்டு, பால்கனியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முதல் சட்டி போகவே இல்ல. அது போகாம நான் எப்படிப் போறது?"

மூன்றாம் நாள் ரோசாரியா வீட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.

"புருஷன் குழி ஈரம் காயல, இவ வெங்காயம் வதக்குறா பாருன்னு தெருவே பேசுச்சு. நானும்தான் பேசுனேன். என் அடுப்புல ஒரு சட்டிச் சாறு புளிச்சுப்போய் நிக்குது, நானும் பேசுனேன். உள்ள தெக்லா இருந்தா. அவ மக. பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அந்த ரெண்டு நாளும் அது என்னத்தத் தின்னுச்சோ."

என் காகிதத்தைத் தொட்டுக் கேட்டாள்: "நீ எழுதுறவன்தானே? உன் கதையில நான் போனதா எழுதிடேன்."

3

எழுதினேன்.

முடிவு ஒன்று: பிலிப்பா சட்டியோடு தெருவைக் கடக்கிறாள். (பக்கத்து வீட்டுக்குப் போக எதற்குத் தெருவைக் கடக்க வேண்டும்? அடித்துவிட்டேன்.) கதவு திறக்கிறது. ரோசாரியா சட்டியை வாங்கி —

முடிவு இரண்டு: முதல் நாள் சாப்பாட்டைப் பாதிரியார் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். (அப்படியென்றால் பிலிப்பாவுக்கு வருத்தமே இல்லை. பாதிரியாரை வந்த வழியே அனுப்பிவிட்டேன்.)

முதல் முடிவைத் தேற்றி, சிறுமி ரொட்டியைச் சாற்றில் நனைப்பது வரை கொண்டுவந்து, பிலிப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முட்டிமேல் கைவைத்துக் கேட்டாள்.

"நல்லா இருக்கு வாத்தியாரே. அதான் பயமா இருக்கு. ரெண்டு தடவ படிச்சா நானே நம்பிடுவேன். கிழிச்சுடு."

இந்தக் கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவளும் ரோசாரியாவும் இத்தனை வருஷம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்தவர்கள். தினமும் பால்கனியில் துணி காயப்போட்டார்கள், மழையைப் பற்றியும் பாலாடைக்கட்டி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். அதை மட்டும் ஏன் பேசவில்லை? கேட்டே விட்டேன்.

"மறந்துபோனத ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிடும்ல."

"மறந்திருப்பாங்களாக்கா?"

"மாட்டா," என்றாள் பிலிப்பா.

4

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது. இடம் தேடி மேலே வந்துவிட்டது.)

ஃபாமா பிறந்த அதே வினையின் வயிற்றில்தான் ஃபாபுலாவும் பிறந்தது. ஃபாபுலா என்றால் கதை. ஊர்ப்பேச்சும் கதையும் உடன்பிறப்புகள். இதை எத்தனையோ வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன், ஒருநாளும் உறைத்ததில்லை. ரோசாரியாவைப் பற்றித் தெரு சொன்னதும் ஒரு கதைதான், அதில் வெங்காய வாசனைகூட இருந்தது. அதை மூடி மறைக்க நான் இன்னொரு கதை ஜோடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பசிக்கு மட்டும் மூலம் தெரியவில்லை என்று அகராதிகள் சொல்கின்றன. தெக்லாவின் அந்த ஒரு பசிக்கு எனக்குத் தெரியும்.

கட்டுரையை இதழுக்கு அனுப்பவில்லை.

5

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நேற்று ரோசாரியாவை அடக்கம் செய்தார்கள். (இது நான் கட்டியது இல்லை. கட்டுவதாக இருந்தால் அவளை இன்னும் கொஞ்ச காலம் வைத்திருந்திருப்பேன், பிலிப்பாவுக்காக.)

தெக்லா தூரினிலிருந்து வந்திருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. தெருவில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியாது, முறை வைக்கவும் இப்போது ஆள் இல்லை. இன்று காலை பிலிப்பா பால்கனியிலிருந்து கத்தினாள்.

"வாத்தியாரே! எழுதிக் கிழிச்சது போதும், இறங்கி வா. சட்டி கனக்குது, ஒத்தையில தூக்க முடியல."

போனேன். சட்டியின் ஒரு காதை அவள் பிடித்தாள், இன்னொன்றை நான்.

"முதல் நாள் என்னோடது. இந்தத் தடவ நான் கேட்டுட்டேன்."

"யார்கிட்டக்கா கேட்டீங்க?"

"இப்ப உன்கிட்ட சொல்றேன்ல? நட."

ரோசாரியா வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் கதவுவரை வந்து, அங்கேயே நின்றது.

பிறகு நடந்தது எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. திறந்தாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். திறக்கவில்லை என்று எழுதினால் அதைவிட நன்றாக இருக்கும். அந்த நன்றாக இருப்பதைத்தான் நான் இப்போது நம்புவதில்லை.

கதவுக்கு இந்தப் பக்கத்தை எழுதிவிட்டேன். அந்தப் பக்கம் நிற்பது நீங்கள். சின்ன வயதில் இதே கதவுக்குப் பின்னால், இதே தட்டல் கேட்குமா என்று இரண்டு நாள் நின்றவர். இன்று காலையிலிருந்தும் ஒன்றும் சாப்பிடவில்லை. கோழிச் சாற்றின் வாசனை இடுக்கு வழியாக வருகிறது. வெளியே ஒரு கிழவியின் குரல்:

"தெக்லா, சாறு கொண்டாந்திருக்கேன். ரொம்ப நேரமாக்கிட்டேன்மா."

தாழ்ப்பாள் உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.