நான்காம் பகுதிக்குப் பின்னால் ஒரு மதில்

1

இந்தக் கதை சமூக அக்கறையில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். என்னை யாராவது பேட்டி எடுக்க வந்தால் அப்படித்தான் சொல்லப்போகிறேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்: என் காலைத் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள எழுதத் தொடங்கிய கதை இது.

என் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச்சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கவைத்து, பவர் எழுதித் தருவாள். கடை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு காலி நிலம், அதைத் தாண்டினால் ரயில் நிலையம். நடுவே, ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை. அதில்தான் தினமும் சைக்கிளில் போவாள். போர்வைக்குள்ளிருந்தே அவள் மணிச் சத்தத்தைக் கேட்பேன். பிறகு இரண்டாம் தூக்கம் ஒன்று போட்டு, எழுந்து எழுதுவேன். என் இலக்கிய வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டாம் தூக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

இப்போது அந்த நிலத்தில் வீடுகள் வரப்போகின்றன. சுற்றிலும் மதில், நெடுஞ்சாலையைப் பார்த்து ஒரே வாசல். பாதை அடைபட்டால் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றித்தான் அவள் கடைக்குப் போக வேண்டும். அங்கே லாரிகள் போகிற போக்கைப் பார்த்தவர்கள் சைக்கிளைத் தொடமாட்டார்கள்.

"அப்ப நீங்கதான் தினமும் கார்ல கொண்டுபோய் விடணும். இல்லன்னா வேலைய விட்டுடறேன்," என்றாள்.

நான் கார் ஓட்டி அவள் பார்த்திருக்கிறாள். அதனால் வேலையை விடுவதைப் பற்றித்தான் நிஜமாகவே யோசிக்கிறாள் என்று புரிந்தது.

2

தொடக்கம் அமைவதுதான் பெரும்பாடு. முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

கிழக்கு வெளுத்தபோது அவள் தன் மிதிவண்டியை மெல்ல

விட்டுவிட்டேன். கிழக்கு வெளுக்கும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். எனக்கெப்படித் தெரியும்?

அடுத்து: நகரமயமாதலின் கோரப்பசிக்கு ஒற்றையடிப் பாதைகள் இரையாகும்

இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "பசிக்குதா உங்களுக்கு?" என்று கேட்டாள். அதையும் விட்டேன்.

மூன்றாவதாக, அவளுக்குச் சைக்கிள் என்றால் உயிர் என்று எழுதினேன். எளிமையான, அழகான வரி. அதற்கும் ஆட்சேபணை வந்தது.

"பொய். சைக்கிள்னா எனக்கு முழங்கால் வலி. எனக்குக் கடை பிடிக்கும். அந்தப் பாதை பிடிக்கும். சைக்கிள் சும்மா நடுவுல இருக்கு, அவ்வளவுதான்."*

(* இந்தக் கதையில் நன்றாக இருக்கிற வரிகள் எல்லாம் அவள் சொன்னவை. காசு கொடுத்து வாங்கியவை அல்ல என்பதால் திருட்டு என்றும் சொல்லலாம்.)

கடை ஏன் பிடிக்கும் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை, கதைக்கு வேண்டியிருந்ததால் கேட்டேன். முதல் தடவையாகக் கண்ணாடி போடுகிறவர்களைக் கடைவாசலுக்கு அழைத்துவந்து, எதிரில் இருக்கிற மரத்தைப் பார்க்கச் சொல்வாளாம்.

"இலை எல்லாம் தனித்தனியா தெரியுதேம்மான்னு சொல்லுவாங்க. எல்லாரும் அதையேதான் சொல்லுவாங்க. எனக்கு ஒரு தடவைகூட சலிச்சதில்ல."

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். என் தூக்கத்துக்காக எழுதத் தொடங்கிய கதை அந்த இடத்தில் என் கையை விட்டு அவள் கைக்குப் போய்விட்டது. இந்த வேலையை அவள் விடக்கூடாது என்று நினைத்தேன். அதன் பிறகுதான் ஒழுங்காக எழுத உட்கார்ந்தேன்.

3

கதைக்கு வில்லன் வேண்டும். வெளியே போய்த் தேட வேண்டிய சிரமம் இருக்கவில்லை. அந்தக் குடியிருப்பின் வரைபடத்தைப் போட்டவன் என் மைத்துனன், அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

வீட்டில் அவனை 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிடுவோம். முதுகு சொறியக்கூட ஸ்கேலைத்தான் தேடுவான். கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். அவன் தனியாகப் போட்ட முதல் படம் இது. (முதல் வரைவில் அவனுக்குத் தொப்பையும் ஒரு கோணல் சிரிப்பும் கொடுத்திருந்தேன். தொப்பை நிஜம். சிரிப்பை எடுத்துவிட்டேன். பாவம், நல்ல பையன்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். சாப்பாட்டு மேசையில் விரித்து நான்கு மூலையிலும் தம்ளர் வைத்தான். தலைப்பில் 'உத்தேச வரைபடம்' என்று போட்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நானும் உத்தேசத்தில் பிழைக்கிறவன்தான். உத்தேசமாக இருக்கிறவரை எதையும் அடித்துத் திருத்தலாம். செங்கல் வைத்த பிறகுதான் கஷ்டம்.

"பாருக்கா, சைக்கிளுக்குன்னு தனிப் பாதை போட்டிருக்கேன். நடக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. ரெண்டு பக்கமும் மரம்."

பச்சைக் கோடு அழகாகத்தான் இருந்தது. அதன் மேல் ஒரு குட்டிப் பெண் குட்டிச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். மனைவி கோட்டின் மேல் விரலை வைத்துத் தள்ளிக்கொண்டே போனாள். விரல் பூங்காவைச் சுற்றியது, வீடுகளைச் சுற்றியது, மதிலை ஒட்டியே வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"எங்கடா போகுது இது?"

"எங்கயும் போகாதுக்கா. சுத்தி வரும். உடம்புக்கு நல்லது."

"செக்குமாடு மாதிரி சுத்துறதுக்கா பாதை? நான் கடைக்குப் போகணும்டா. நம்ம தெருப் பக்கம் ஒரு திறப்பு விடு, ஸ்டேஷன் பக்கம் ஒரு திறப்பு விடு. நடுவுல ஒரு சந்து. நான் மட்டுமா போறேன்? தெருவே அதுலதான போகுது."

"முடியாதுக்கா. வாங்குறவங்க மூடின இடமா கேக்குறாங்க. சந்து விட்டா வெளியாளுங்க உள்ள வந்துடுவாங்க."

"நான் வெளியாளா?"

ஸ்கேல் தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தான். படம் தானாகவே சுருண்டுகொண்டது.

(இந்த இடத்தில் தாளின் ஓரத்தில் மனைவி எழுதிவைத்தது: 'ஸ்கூலுக்குப் போகும்போது என் கேரியர்ல உக்காந்துக்கிட்டு, குறுக்கால போக்கா, குறுக்கால போக்கான்னு முதுகுல குத்துனதே இவன்தான். அதையும் எழுதுங்க.' எழுதிவிட்டேன்.)

4

முடிவு. மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு: ஸ்கேல் மனம் மாறி மதிலில் வழி விடுகிறான். அக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். "நாங்க ஒரு நாளும் கட்டிப்பிடிச்சதில்ல, ரெண்டு பேருக்கும் கூச்சம்," என்றாள் மனைவி. நம்பும்படி இல்லையாம்.

இரண்டாம் முடிவு: மதில் எழும்புகிறது. தெருக்காரர்கள் ஏணி வைத்து ஏறிக் குதிக்கிறார்கள். எழுத எழுத எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சைக்கிளை ஏணியில் எப்படி ஏற்றுவது என்று தெரியாமல் பாதி ஏணியிலேயே கதை நின்றுவிட்டது.

மூன்றாம் முடிவு: மதில் எழும்பிவிட்டது. கார் ரிப்பேரில் கிடக்கிறது. அன்றைக்கென்று கடைக்குச் சீக்கிரம் போக வேண்டும். அவள் நெடுஞ்சாலையில் சைக்கிளை இறக்குகிறாள். பின்னால் ஒரு லாரி

இதற்கு மேல் எழுதவில்லை. கதைக்கு இதுதான் வலுவான முடிவு என்று எனக்குத் தெரியும். பரிசு கொடுக்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் பேனாவை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். நான் பாத்திரம் துடைக்கிற ஜாதி இல்லை, அதனால் அவளுக்குச் சந்தேகம் வந்து, "என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல," என்றேன். எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்து ஐந்தாம் பகுதி. ஆனால் இங்கிருந்து அங்கே நேராகப் போக முடியாது. நடுவில் மதில் இருக்கிறது. ஐந்தாம் பகுதி மதிலுக்கு அந்தப் பக்கம்தான், இருமினால் கேட்கும் தூரம். என்ன செய்ய? இந்தக் கதைக்கு ஒரே வாசல், அது தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. வந்த வழியே திரும்பிப் போய், வெளியேறி, சுற்றிக்கொண்டு வாருங்கள். உடம்புக்கு நல்லது.

3, திரும்பும் வழியில்

ஸ்கேல் இன்னும் தம்ளர் எடுத்துக்கொண்டிருக்கிறான். படத்துக்குள் அந்தக் குட்டிப் பெண் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். அவளிடம் வழி கேட்டுப் பயனில்லை.

2, திரும்பும் வழியில்

கடைவாசலில் யாரோ புதுக் கண்ணாடியோடு மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நின்று பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் உங்களுக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கிறது.

1, திரும்பும் வழியில்

தூங்கிக்கொண்டிருக்கிறேன். சத்தம் போடாமல் போங்கள்.

தலைப்பு. வாசல். நெடுஞ்சாலை. ஓரமாகவே வாருங்கள். பின்னால் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

5

வந்துவிட்டீர்களா? கோபம் இருக்கும். ஸ்கேலுக்கும் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் வந்தபோது, வில்லனும் படித்துப் பார்க்கட்டும் என்று மனைவி என் தாள்களைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டாள். சோபாவில் கால் நீட்டிப் படித்தான். தொப்பை வந்த இடத்தில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். நான்காம் பகுதி முடிந்ததும் தாளைப் பின்னால் புரட்டினான், இன்னும் பின்னால் புரட்டினான், தலைப்பு வரை போய்த் திரும்பிவந்தான்.

"என்ன மாமா இது? நாலு முடிஞ்சா அஞ்சு. எதுக்கு மனுஷன மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு சுத்தவிடுறீங்க? பக்கத்துல இருக்கிற இடத்துக்கு ஊரைச் சுத்தியா போவாங்க? நடுவுல ஒரு வரி போட்டீங்கன்னா நேரா வந்துடலாமே!"

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துவிடாமல் இருக்கப் படாத பாடு பட்டோம்.

"முடியாது மாப்ளே. படிக்கிறவங்க மூடின கதையா கேக்குறாங்க. வழி விட்டா வெளியாளுங்க உள்ள வந்துடுவாங்க," என்றேன்.

அக்காள் அடக்கிவைத்திருந்த சிரிப்பு வெடித்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அசட்டுச் சிரிப்பொன்று அவன் முகத்திலும் வந்தது. "நல்லா மாட்டிவிட்டீங்க மாமா," என்றான்.

நான் மனதில் போட்டுவைத்திருந்த ஐந்தாம் பகுதி இவ்வளவுதான். அவன் அசடு வழிவதோடு முற்றும் போட நினைத்திருந்தேன். ஆனால் அவன் தாளைக் கீழே வைக்கவில்லை. மறுபடி நான்காம் பகுதிக்குப் போனான்.

"இந்த லாரி வரி ஏன் பாதில நிக்குது?"

"முடிக்க முடியல."

"எழுத்தாளர்தான நீங்க?"

"அவ புருஷனும்தான்."

அவளுக்கு அது எந்த வரி என்று தெரியாது. தாளை எட்டிப் பார்க்க வந்தாள். ஸ்கேல் தாளை மடக்கிக்கொண்டான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினான்.

"சட்டையில துடைக்காதடா, கீறல் விழும். எத்தன தடவ சொல்றது?" என்று அவள் துணி எடுத்துவரப் போனாள்.

அவள் வருவதற்குள் பையிலிருந்து பென்சிலையும் குட்டி ஸ்கேலையும் எடுத்து, நான்காம் பகுதி முடிகிற இடத்துக்குக் கீழே இணையாக இரண்டு கோடு போட்டான்.

"சந்து," என்றான். "சைக்கிள் போற அகலம்."

"என் படத்துல போட்டுட்ட. உன் படத்துல?"

"முதலாளிகிட்ட பேசணும் மாமா. மூலை மனை ரெண்டும் சின்னதாகும். கத்துவாரு."

"கத்தட்டும்டா," என்றாள் துணியோடு வந்த அக்காள்.

"கத்தட்டும்," என்றான் அவனும். குரல்தான் எழும்பவில்லை. போகும்போது அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்து எடுத்துப்போனான்.

6

ஆகவே, நீங்கள் படித்த நான்காம் பகுதி நினைவிலிருந்து திரும்ப எழுதியது. அசல் தாள் முதலாளியின் மேசையில் இருக்கலாம், இன்னும் ஸ்கேலின் பையிலேயே இருக்கலாம், சட்டையோடு சேர்ந்து துவைக்கப்பட்டிருக்கலாம். என் மைத்துனனை எனக்குத் தெரியும், மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. முதலாளி கதை படிக்கிறவர் இல்லை என்று வேறு கேள்வி.

முடிவு என்னிடம் இல்லை. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிப்பிடிக்க வைப்பதென்றால் கொஞ்சம் கூச்சத்தோடு வையுங்கள். ஏணிதான் வேண்டும் என்றால், சைக்கிளை எப்படி ஏற்றினீர்கள் என்று எனக்கும் சொல்லி அனுப்புங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: நான்காம் பகுதியில் பாதியில் நிற்கிற அந்த வரியை யாரும் முடித்துவிடாதீர்கள். அது அப்படியே நிற்கட்டும்.

இன்று காலை நான் இரண்டாம் தூக்கம் போடவில்லை. வாசலில் நின்று அவள் போவதைப் பார்த்தேன். மதில் வருகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். திறப்பு உண்டா இல்லையா என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவள் அதன் மேலேயே சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனாள். சக்கரத்தில் ஒட்டிய சுண்ணாம்பு பாதை நெடுகிலும் கொஞ்ச தூரத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இழுத்தது. ஸ்கேல் பார்த்தால் கோணல் என்பான்.

அந்த நிலத்தில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. இந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் இங்கே ஒரு சந்து விடுகிறேன்:

(                                        )

இனி இந்த வழியாகத்தான் வருவாள். மணிச் சத்தம் கேட்டால் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.