சிறகு அச்சிட்ட சீருடை

கதவைத் திறந்தவரின் வலது கையில் விரல் முட்டிகள் தோலுரிந்து சிவந்திருந்தன. பழைய விமானச் சாமான் வாங்க வந்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதைப் பார்த்தார். பார்த்த வேகத்திலேயே மறந்தும் போனார். அதற்குள் அவர் கண்கள் அந்த ஆளின் தோளைத் தாண்டிச் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டிருந்தன. அங்கே, ஹேங்கரைக்கூடக் கழற்றாமல், ஒரு விமானப் பணிப்பெண்ணின் சீருடை மல்லாந்து கிடந்தது. ஆரஞ்சுத் துணி முழுக்கக் கத்தரிப்பூ நிறச் சிறகுகள்.

அந்த விமானக் கம்பெனியை இழுத்து மூடி முப்பது வருடம் ஆகிவிட்டது. இந்த அச்சுத் துணியை அவர்கள் பயன்படுத்தியதே இரண்டு வருடம்தான். கடைக்காரரிடம் அதே கம்பெனியின் ஜன்னல் திரைகள், இருக்கைத் தலையுறைகள், சாம்பல் கிண்ணங்கள், கரண்டிகள், தோள்பைகள் எல்லாம் ஓர் அறை நிறைய இருந்தன. இந்தச் சிறகுகள் மட்டும் ஒரு கைக்குட்டை அளவுக்குக்கூடச் சிக்கவில்லை. இத்தனைக்கும் அவர் மொத்தமே இரண்டு முறைதான் விமானம் ஏறியவர். "ரெண்டு தடவையும் தூங்கிட்டு வந்த மனுஷன்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

"சம்சாரத்துகிட்ட கேட்டுட்டீங்கல்ல?" என்றார் கடைக்காரர், ஒரு பேச்சுக்கு.

"அவதான் குடுத்துடச் சொன்னா. உடுத்துற வயசா இப்ப?" ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர் அந்த வீட்டுக்காரர். அவர் மனைவிதான் ஒருகாலத்தில் அதைப் போட்டுக்கொண்டு பறந்தவள். சீருடையோடு ஒரு கழுத்துத் துணியையும், கம்பெனி முத்திரை போட்ட கனமான எவர்சில்வர் ஜக்கையும் எடுத்து வைத்திருந்தார்.

கடைக்காரர் லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டம் வைத்துக் கையால் அச்சடித்த துணி. சில இடங்களில் கத்தரிப்பூ நிறம் நூலிழை அளவு கோட்டைத் தாண்டியிருந்தது. அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது. அப்படியே மேலே வந்தவர், அக்குள் தையல் பிய்ந்து வேறு நூலால் மூட்டப்பட்டிருப்பதைக் கண்டார். கழுத்தருகே இரண்டு பொத்தான்கள் துணியோடு பிடுங்கப்பட்டிருந்தன.

"ரெண்டு பொத்தான் இல்லையே" என்றார் குறையாக.

"வீட்டுச் சண்டையில பொத்தான்தானே சார் முதல்ல போகும்" என்று வீட்டுக்காரர் சிரித்தார். கடைக்காரரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது. அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கண்ணைச் சுற்றிக் கன்றிப்போயிருந்தது. மேசையைப் பார்த்தாள். பிறகுதான் ஆளைப் பார்த்தாள்.

"அது என்னோடது. அதுல கை வைக்காதீங்க."

"நீ உள்ள போ" என்றார் கணவர், திரும்பிப் பார்க்காமலே.

அவள் வந்து கழுத்துத் துணியை எடுத்தாள். கணவர் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினார். சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் அவள் உதடு கிழிந்து ரத்தம் தெறித்தது. கடைக்காரரின் இரண்டு கைகளும் பாய்ந்து முன்னே போயின. போய்ச் சீருடையைத்தான் தூக்கின. கறை படாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். தரையில் கிடந்தபடி அந்த அம்மாள் அதைப் பார்த்தாள்.

"குடுத்துடுறேன்... விட்டுடுங்க" என்று கடைக்காரர் முனகியது யார் காதிலும் விழவில்லை. கணவர் கழுத்துத் துணியை அவளிடமிருந்து பிடுங்கி, அவள் கழுத்திலேயே சுற்றி, முழங்காலை முதுகில் ஊன்றி இழுத்தார். அவள் குதிகால்கள் தரையில் அடித்துக்கொண்டன. பிறகு அடிப்பது குறைந்தது.

கடைக்காரர் அதுவரை ஒரு கரப்பான் பூச்சியைக்கூட நசுக்காதவர். ஜக்கை எப்போது எடுத்தார் என்று அவருக்குத் தெரியாது. முதல் அடியில் அந்த ஆளின் பிடி தளர்ந்தது. இரண்டாவதில் வீட்டுக்காரர் குப்புற விழுந்தார். மூன்றாவது அடிக்குத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் அடித்தார். அதில் ஒரு சுகம் இருந்தது. அதுதான் அவரைத் தூக்கிவாரிப்போட்டது.

அந்த அம்மாள் இருமி இருமி எழுந்தாள். கணவரின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். பேசியபோது அவள் குரல் வேறாக இருந்தது. தாழ்ந்து, நிதானமாக, மறுத்துப் பேச இடமில்லாமல்.

"ஜக்கைக் கீழ வைங்க. சுவர்ல சாஞ்சு உட்காருங்க. மூச்சை மெதுவா விடுங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் கீழே விழுந்திருந்த சீருடையை எடுத்தாள். இரண்டாக, நான்காக மடித்து, ரத்தம் கொப்பளித்த மண்டையில் வைத்து அழுத்தினாள்.

"ஐயோ, அது வேணாம்மா... வேற துணி எதாவது..."

வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

அவள் கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னமும் அதுலயேதான் இருக்கீங்களா?"

அவருக்குத் தலை தொங்கிவிட்டது.

மற்றொரு கையால் அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். முகவரி, மாடி, வயது, மூச்சு இருக்கிறது, நினைவு இல்லை. ஒவ்வொன்றாகத் தெளிவாகச் சொன்னாள். சற்று நிறுத்தி, போனை மார்பில் வைத்து மூடிக்கொண்டாள்.

"யாரு அடிச்சதுன்னு கேக்குறாங்க."

"நான்னு சொல்லுங்க" என்றார். "அவர் முதல்ல உங்களை அடிச்சதையும் சொல்லுங்க."

"எது முதல்லங்க?" என்றாள் அவள். "இருபத்தேழு வருஷத்துல எதைச் சொல்ல?"

கால் மணி நேரத்தில் படிக்கட்டில் ஆம்புலன்ஸ்காரர்களின் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. அவரைக் கூப்பிட்டுத் துணியை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். கடைக்காரரின் விரல்களுக்கிடையே சிறகுகள் சூடாக நனைந்துகொண்டிருந்தன. அவள் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள். கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோடு. உதட்டில் உறைந்த ரத்தம். முதுகை நிமிர்த்தி, ஓர் அடி ஒதுங்கி நின்று, விரல்கள் சேர்ந்த உள்ளங்கையால் வீட்டுக்குள்ளே வழி காட்டினாள்.

"வாங்க. பார்த்து வாங்க. வலது பக்கம்."