மறைத்த நட்சத்திரத்தின் மையம்

என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பிறவி அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தின் பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்ததுதான் தாமதம், பழுப்புக் குள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று தம்பட்டம் அடித்துவிட்டார். நட்சத்திரமாக முடியாமல் பாதியில் நின்றுபோன உருண்டைக்குத்தான் அந்தப் பெயர். இன்னொரு படம் எடுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்?

நட்சத்திரம் வானத்தில் மெல்ல நகரும். புள்ளி அதைச் சுற்றுகிறதென்றால் கூடவே நகரும். எங்கோ பின்னால் இருக்கும் வேறு நட்சத்திரம் என்றால் இருந்த இடத்திலேயே நிற்கும். இப்போது இரண்டாவது படம் வந்தது. அவர் வேலை பார்க்கும் அதே ஆய்வகத்தில் படங்களைச் சுத்தம் செய்து அளப்பது என் வேலை. அளந்தேன். புள்ளி நட்சத்திரத்தோடு வரவில்லை. அவருடைய வேலை நீட்டிப்பு இந்தப் புள்ளியை நம்பித்தான் இருந்தது.

அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"மையத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாரேன்."

நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் புள்ளி அமுங்கிப்போகும் என்பதால், படமெடுக்கும்போது நட்சத்திரத்தை ஒரு சின்னத் தகட்டால் மறைத்துவிடுவோம். அதனால் நட்சத்திரத்தின் மையம் கண்ணுக்குத் தெரியாது. சுற்றிச் சிதறிய ஒளியை வைத்துக் கணக்கிடுவோம். அந்த மையத்தைத் துளி நகர்த்தினால் போதும், புள்ளி கூடவே வந்த மாதிரி இருக்கும்.

"தள்ளி வச்சா அதுக்குப் பேரு அளவா?"

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"வேலை போச்சுன்னா பிள்ளைங்கள நீ ஒருத்தியே பாத்துப்பியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரியான அளவைப் பதிந்து வைத்துவிட்டு எழுந்து போனேன்.

மறுநாள் கூட்டத்தில் அவர் திரையில் போட்ட படத்தில், புள்ளி சமர்த்தாக நட்சத்திரத்தோடு வந்திருந்தது. கீழே, மையத்தை அளந்தவர் என்று என் பெயர். பாவி மனுஷன்.

இயக்குநர் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"இது நீங்க அளந்ததுதானே?"

வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினால் போதும். சத்தியமாக, ஆட்டத்தான் நினைத்தேன்.

"நான் அளந்தது இது இல்ல மேடம். புள்ளி நட்சத்திரத்தோட வரல."

வீட்டுக்காரர் மடிக்கணினியை மூடிவிட்டு வெளியே போனார். யாரும் தடுக்கவில்லை.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அலமாரியில் அவர் பக்கம் காலியாக இருந்தது. பெரியவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்பா பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டார். இனி வரமாட்டாராம். நீ என்னம்மா பண்ணின?"

"அளந்தேன்" என்றேன்.